செவ்வந்திக்கு ஒரு பாராட்டு விழா

போன வாரம் சின்னப்பையனை அறுப்பு மெஷினிலிருந்து வயலில் குதிக்க வைத்துவிட்டு நிறுத்திவிட்டேன். அதற்கு எனக்கு வந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. நியாயம்தான். கதைக்கு வருகிறேன்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், சம்பா அறுப்பு மும்முரத்தில், சின்னப்பையனுக்கு ஒரு போன் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் வீட்டுக்குத் தங்கப்பதக்கம் வருகிறது, பல்கலைக்கழகத்திலேயே முதலிடம், மேடத்திடம் சொல்லிவிடுங்கள் என்றது குரல். பட்டமளிப்பு விழாவுக்கு நேரில் வருகிறார்களா இல்லையா என்று கேட்க வெள்ளிக்கிழமை திரும்பக் கூப்பிடுவார்களாம். சின்னப்பையன் பாதி அறுத்த வயலை அப்படியே போட்டுவிட்டு, "எம் பொண்ணு மெடல் வாங்கிட்டா!" என்று வரப்பில் ஓடினார்.

யாருக்கு மெடல் என்று அந்த மனுஷர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது. கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது மகள் செவ்வந்தி ஒருத்திதானே!

அவரும் அப்படித்தான் நினைத்தார், காலனியும் அப்படித்தான் நினைத்தது. செங்கேணி ஒருத்திக்கு மட்டும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அந்தப் பதக்கம் அவளுடையது.

ஆமாம், சின்னப்பையன் பெண்டாட்டி செங்கேணி. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவுகிற, நாற்பத்திரண்டு வயது செங்கேணி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் பிரைவேட்டாகப் பத்தாவது எழுதிக் கணக்கில் கோட்டை விட்டாள். அதைச் சின்னப்பையன் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்லப்போக, தெருவே அவளைப் 'பத்தாவது ஃபெயிலு' என்று ஒரு வருஷம் ஓட்டித் தள்ளியது. இனி முடிக்கிற வரைக்கும் எவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

மறுபடியும் பத்தாவது, பிறகு பன்னிரண்டாவது, அப்புறம் தபால் வழியில் பி.ஏ. வரலாறு. புத்தகமெல்லாம் சத்துணவுக் கூடத்தில் பருப்பு மூட்டைக்குப் பின்னால் இருந்தது. மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரத்துக்கு வகுப்புக்குப் போனாள். வீட்டில் சத்துணவுப் பயிற்சி என்றாள். கடைசிப் பரீட்சையில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. அவள் பஸ்ஸுக்கு நிற்கிறபோதெல்லாம் பார்க்கிற கோயிலில்தான் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. நாலு பக்கம் எழுதிவிட்டு, இன்னும் காகிதம் கேட்டு வாங்கினாள். விண்ணப்பத்தில் போட அவளுக்கென்று ஒரு போன் நம்பர் இல்லாததால் புருஷன் நம்பரைப் போட்டிருந்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். செவ்வந்திக்கு மூன்று பேப்பர் அரியர். பீரோவில் துணி அடுக்கும்போது அந்த மார்க் காகிதம் செங்கேணி கண்ணில் பட்டு ஒரு மாசமாகிறது. சின்னப்பையனுக்கு அது தெரியாது. 'மெடல் என்னுது' என்று சொன்னால் அடுத்த கேள்வி நேராக மகளிடம்தானே போகும்? அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பல்கலைக்கழகத்துப் போன் வரும்போது அது புருஷன் கையில் இல்லாமல் தன் கையில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். 'நேர்ல வர்றேன் சார்' என்று சத்தமில்லாமல் சொல்லிவிட வேண்டும். விழா அன்றைக்கு ஏதோ பயிற்சி என்று சொல்லிச் சென்னைக்கு பஸ் ஏறி, அந்த மேடையில் ஒரே ஒரு தடவை நின்று, பதக்கத்தை வாங்கிவந்து மகள் கையில் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. நல்ல திட்டம்தான். பதக்கத்தில் பேர் எழுதியிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.

* * *

காலை ஏழு மணிக்கே காலனி முனையில் பேனர் ஏறிவிட்டது. பத்தடிக்கு எட்டடி.

'பல்கலைக்கழகத்தின் முதல் மாணவியே! தங்கம் வென்ற எங்கள் தங்கமே!' என்று எழுதியிருந்தது. நடுவில் செவ்வந்தி, கறுப்பு அங்கியும் தொப்பியுமாக. அங்கி கம்ப்யூட்டரில் மாட்டியது, முகம் மட்டும் அவளுடையது. பக்கத்தில் சின்னப்பையன் கூலிங் கிளாஸோடு. அவருக்குக் கீழே இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் பதினெட்டு பேர், ஆளுக்கொரு போனைக் காதில் வைத்தபடி. யாரிடம்தான் அத்தனை பேரும் பேசுகிறார்களோ!

செங்கேணி தண்ணீர்க் குடத்தோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஏணியிலிருந்து அருள்தாஸ் இறங்கி வந்தான். மன்றத் தலைவன், விழாவுக்கு மைக் செட்டிலிருந்து மாலை வரைக்கும் ஏற்பாடு அவன்தான்.

"இன்னா அத்தே, சூப்பரா கீதா?"

"எல்லாரும் கீறாங்க."

"உன் போட்டோ ஒண்ணு குடுன்னு மாமாகிட்ட கேட்டேன். ஆதார் கார்டுல கீறது ஒண்ணுதான் கீதுன்னாரு. அத்தப் பெருசு பண்ணா பயமா கீது அத்தே, அதான் வுட்டுட்டேன். கோச்சிக்காத."

செங்கேணி சிரித்துவிட்டாள். வேறென்ன செய்ய?

வீட்டுக்குள் சின்னப்பையன் புது வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். விழா சாயங்காலம் நாலு மணிக்கு. சட்டை காலை ஏழரைக்கே ஏறிவிட்டது.

"இன்னாய்யா, அந்தப் போனைக் கொஞ்சம் குடேன். பெரிய டீச்சர்கிட்ட லீவு சொல்லணும்."

"இன்னாத்துக்கு லீவு? டீச்சரே சாயங்காலம் இங்கதான் வருது. நீ சொம்மா போய் வேலையப் பாரு."

"ஒரு நிமிசம் பேசிட்டுக் குடுத்துடறேன்."

"அந்தாண்ட போமே! இன்னிக்கு யுனிவர்சிட்டில இருந்து போன் வரும். நீ எதுனா ஒண்ண அமுக்கி வெச்சிட்டு, அவங்க கூப்புட சொல்லோ கட்டாச்சுன்னா? எம் பொண்ணு மேடை ஏற வாணாமா?"

போனைச் சட்டைப் பையில் போட்டு, பையின் வாயில் ஓர் ஊக்கையும் குத்திக்கொண்டார். கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"செங்கேணி, ஓனரு வரேன்னுட்டாரு. நம்ம தெருவுக்கு!"

ஓனர் என்றால் ராஜாராம். நிலமும் அவருடையது, சின்னப்பையன் ஓட்டுகிற அறுப்பு மெஷினும் அவருடையது.

"இருவது வருசமா அவரு வண்டிய ஓட்டறேன். எங்க வூட்டு வாசல் எந்தப் பக்கம் கீதுன்னு அவருக்குத் தெரியாது. நேத்து என்னைப் பாத்துட்டு 'வாங்க சின்னப்பையன்'னாரு. வாங்கன்னாரு, கேட்டியா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷர் இப்படிச் சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததேயில்லை. அந்தச் சந்தோஷம் தன்னால் வந்தது என்று அவரைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

* * *

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபிறகு சத்துணவுக் கூடத்தில் செங்கேணி மட்டும் இருந்தாள். பின்வாசல் வழியாகச் செவ்வந்தி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். முகம் வீங்கியிருந்தது.

"இன்னாடி, சாப்டியா?"

"அம்மா, அது நான் இல்ல."

"எது?"

"மெடலு. எனக்கு மூணு பேப்பரு போச்சும்மா. நவம்பர்ல திரும்ப எழுதனேன், அதுவும் பாஸாவல. டிகிரியே முடியல, எனக்கு யாரு மெடல் குடுப்பாங்க? யாரு நம்பருக்கோ போட வேண்டிய போனை நம்ம வூட்டுக்குப் போட்டுட்டாங்க."

செங்கேணி தேங்காய் நாரைக் கீழே வைத்தாள். பெண் தானாக வந்து சொன்னாளே என்று மனசுக்குள் ஒரு நிம்மதிதான் முதலில் வந்தது. ஆனால் செவ்வந்தி நிறுத்தவில்லை.

"செவ்வாக்கெயமையே சொல்லலாம்னு வந்தேன். நைனா தெருவுல ஆடிக்கினு கீறாரு. வாயே வரல. அப்பால பட்டாசு, அப்பால பேனரு. காலைல பஸ்ஸுல யாரோ ஒரு அம்மா என் தலைல கை வெச்சிட்டு, நல்லா இருன்னு சொல்லிட்டுப் போச்சு. ஒடம்பெல்லாம் கூசுதும்மா எனக்கு."

இங்கேதான் செங்கேணி சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிற எனக்கே பேனாவைப் போட்டுவிட்டு, 'சொல்லித் தொலையேம்மா!' என்று கத்த வேண்டும் போலிருந்தது. புத்தகங்கள் நாலடி தூரத்தில்தான் இருந்தன. மூட்டையை நகர்த்தினால் போதும்.

சொல்லவில்லை. அவளுக்கு வேறு பயம். பாத்திரம் கழுவுகிற அம்மா ஃபர்ஸ்ட், காலேஜ் போன பெண் ஃபெயில் என்று தெரு பேசும். ஃபெயில் என்ற பேரோடு ஒரு வருஷம் குடிதண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றவள் அவள். அது பெண்ணுக்கு வேண்டாம் என்று நினைத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளு பல்லைக் கடிச்சிக்கினு நில்லு. மாலை போட்டா வாங்கிக்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"பொய்க்கு மாலையா? நெசமா மெடல் வாங்கன பொண்ணு எங்கியோ ஒக்காந்து அழுதுகினு இருக்கும்மா! அதுக்கு இன்னும் விசயமே போய்ச் சேந்திருக்காது."

"அது அழாது."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

செங்கேணி சாம்பார் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "சொம்மா சொன்னேன். போ, போய்த் தலைய வாரு."

செவ்வந்தி பின்வாசல் கதவைத் திறந்தாள். அம்மா துணைக்கு இருக்கிறாள் என்று நம்பித்தான் வீட்டுக்குப் போனாள்.

* * *

டிராக்டர் டிரெய்லரின் பக்கப் பலகைகளை இறக்கி, மேலே ஜமக்காளம் விரித்து மேடையாக்கியிருந்தார்கள். ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். எதிரே நூற்றைம்பது நாற்காலி, அத்தனையும் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ராஜாராம் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். காலனிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

பெரிய டீச்சர் சசிரேகா முதலில் பேசினார். நல்ல மனுஷிதான், ஆனால் மைக்கைக் கண்டால் அடக்க முடியாது.

"செவ்வந்தியோட வெற்றி சாதாரண வெற்றி இல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மெஷின் ஓட்டற ஒரு தகப்பன். அந்த வீட்டுல இருந்து இப்படி ஒரு பொண்ணு!"

எழுதப் படிக்கத் தெரியாத தாய் டிரெய்லர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். தினமும் டீச்சர் கண்ணெதிரில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் அவள். ஆனால் இப்போது அவள் காதில் ஒன்றும் விழவில்லை. கண் முழுக்கப் புருஷனின் சட்டைப் பையில் இருந்தது. நாலரை ஆகிவிட்டது, இன்னும் போன் வரவில்லை.

ராஜாராம் ஏறிச் செவ்வந்திக்குச் சால்வை போர்த்தினார். அருள்தாஸ் ஆளுயர மாலை போட்டான். அந்த மாலைக்குள் பெண் குனிந்த தலை நிமிராமல் நின்றாள். அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

சின்னப்பையன் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. மெஷினு ஓட்டத்தான் தெரியும்..."

பையில் போன் அடித்தது.

செங்கேணி ஸ்டூலின் மேல் ஒரு காலை வைத்துவிட்டாள். "இங்க குடு! எங்கிட்ட குடு!"

"இரு செங்கேணி!" சின்னப்பையன் ஊக்கைக் கழற்றி எண்ணைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "யுனிவர்சிட்டில இருந்துதான்! நம்ம ஜனங்க எல்லாம் கேக்கட்டும்." ஸ்பீக்கரைத் தட்டினார். போனை மைக்குக்கு எதிரே நீட்டினார்.

"வணக்கம் சார். பட்டமளிப்பு விழாப் பிரிவுல இருந்து பேசறோம். செவ்வாய்க்கிழமை பேசினோமே. செங்கேணி மேடம் பக்கத்துல இருக்காங்களா?"

சின்னப்பையன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "சார், செங்கேணி எம் பொண்டாட்டி. பொண்ணு பேரு செவ்வந்தி. மாத்திச் சொல்றீங்க, கரீட்டா எழுதிக்குங்க."

"இல்ல சார், சரியாத்தான் இருக்கு. செங்கேணி, கணவர் பேர் சின்னப்பையன். தொலைநிலைக் கல்வி, பி.ஏ. வரலாறு, காஞ்சிபுரம் மையம். பிறந்த வருஷம் எண்பத்து மூணு. அவங்கதான் சார் யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்."

ஒரு நிமிஷம் எவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையில் ஒரு குரல், "எந்தச் செங்கேணி? நம்ம பத்தாவது ஃபெயிலா?" என்றது. ஒருத்தன் சிரித்தான். கூட யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டான். சசிரேகா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பார்வை செங்கேணியின் கையிலேயே நின்றுவிட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நகமெல்லாம் வெடித்துப்போன கை.

ராஜாராம் நாற்காலியை விட்டு எழுந்தார். "இன்னா சின்னப்பையா இது? அப்ப நான் யாருக்குச் சால்வை போட்டேன்?"

வாங்க, போங்க எல்லாம் ஒரே நொடியில் போயிற்று. சின்னப்பையன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கீழே நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீயா?"

மெதுவாகத்தான் கேட்டார். மைக் அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோயிற்று.

"ஆமா."

"எப்பத்துலேந்து?"

"ஏழு வருசமா."

"ஞாயித்துக்கெயமை பயிற்சின்னு போவியே?"

"கிளாசு."

அவர் கத்துவார் என்று செங்கேணி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் குரல் உடைந்துபோயிருந்தது.

"தெருவக் கூட்டி, ஓனரக் கூட்டி, பேனரக் கட்டி... இத்தினி நாளு பாத்துக்கினு தானே இருந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வரலியா?"

"சொல்லியிருந்தா டீக்கடைல சொல்லியிருப்ப."

நறுக்கென்று வந்துவிட்டது. ஏழு வருஷமாக உள்ளே கிடந்த வார்த்தை. சின்னப்பையன் முகம் செத்துப்போயிற்று.

"சார்? லைன்ல இருக்கீங்களா?" போனிலிருந்த குரல் பாவம், ஒன்றும் தெரியாமல் கேட்டது. "அஞ்சு மணிக்கு லிஸ்ட்டை முடிக்கிறோம். மேடம் விழாவுக்கு நேர்ல வர்றாங்களா, இல்ல தபால்ல அனுப்பிடட்டுமா?"

சின்னப்பையன் போனை வாயருகில் கொண்டுபோனார்.

"தபால்லயே அனுப்பிடுங்க."

வைத்துவிட்டார்.

அடப்பாவி மனுஷா! நான் சொல்லவில்லை, முன்வரிசையில் யாரோ ஒரு பெண்பிள்ளை வாய்விட்டே சொன்னாள். செங்கேணியின் ஏழு வருஷம். இரண்டு வார்த்தையில் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டார். ஸ்டூலை மிதித்து மேடை ஏறினாள். புருஷன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"குடு."

அவர் கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. விரல்களைப் பிரித்து அவளேதான் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா." செவ்வந்தி மாலையைக் கழற்றி நாற்காலி மேல் போட்டிருந்தாள். "மத்தியானம் உங்கிட்ட வந்து அழுதேனே. அப்பவே உனுக்குத் தெரியுமா?"

"செவ்வந்தி, அப்பால பேசலாம்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எனக்கு அரியர் கீறது?"

"அதுவும் தெரியும்."

மைக் முன்னால் நிற்கிறோம் என்பது செங்கேணிக்கு அப்போதுதான் உறைத்தது. அரியர் என்ற சொல் கடைசி நாற்காலி வரைக்கும் போய்விட்டது. எதை மறைக்க இத்தனை பாடு பட்டாளோ, அதற்கு அவள் வாயாலேயே ஊரறிய ஆமாம் போட்டாயிற்று. பக்கத்திலிருந்த சசிரேகா டீச்சர், "அடக் கடவுளே" என்று முணுமுணுத்தார்.

செவ்வந்தி விடவில்லை. "நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சே பாத்துக்கினு இருந்திருக்க. நான் திருடி மாதிரி மூணு நாளு தூங்கலம்மா. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இந்த வண்டி மேல ஏறியிருப்பனா?"

"ஒன்ன ஊரு பேசிடக் கூடாதுன்னுதான்டி..."

"இப்பப் பேசல?"

மகள் கேட்டது நியாயம், புருஷன் கேட்டதும் நியாயம். செங்கேணி பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல அங்கே ஒருத்தர்கூட இல்லை. மணி நாலு ஐம்பத்திரண்டு. கடைசியாக வந்த எண்ணைத் தேடித் தட்டினாள். ஸ்பீக்கர் அப்படியே இருந்தது. அதை அணைக்க அவளுக்குத் தெரியவில்லை என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். தெரியும். அவளாகத்தான் அணைக்கவில்லை.

"சொல்லுங்க சார்," என்றது குரல்.

"செங்கேணி பேசறேன் சார்." செருமிவிட்டு மறுபடியும் சொன்னாள். "பி.ஏ. வரலாறு, காஞ்சிபுரம் மையம், செங்கேணி. தபால்ல அனுப்பாதீங்க. நான் நேர்ல வர்றேன்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்! சார் தபால்னு சொன்னதும் எங்களுக்கே கஷ்டமா இருந்துச்சு. உங்ககூட ஒருத்தர் வரலாம். பேர் சொல்லுங்க, இப்பவே பாஸ் போட்டுடறேன்."

செங்கேணி திரும்பினாள். சின்னப்பையன் டிரெய்லரின் மறுபக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். ஸ்டூல்கூடத் தேடவில்லை, அப்படியே குதித்துவிட்டார். மேடையில் மகள் மட்டும்தான் நின்றாள்.

"செவ்வந்தின்னு எழுதிக்குங்க சார். எம் பொண்ணு."

"எழுதாதீங்க!"

செவ்வந்தி மைக்கருகில் வந்துவிட்டாள். கண்ணீர் வழிந்தபடி இருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"மூணு நாளா என்னைக் கேக்காம எம் பேர ஊரெல்லாம் எழுதிட்டீங்க. நைனா எழுதனாரு, மன்றத்துல எழுதனாங்க, இப்ப நீயும் எழுதற. இனிமே என்னைக் கேக்காம எம் பேர எங்கியும் எழுதாத."

சால்வையை உருவி மாலை மேல் போட்டாள். கூட்டத்துக்கு நடுவிலேயே இறங்கி நடந்தாள். ஜனங்கள் நாற்காலியை இழுத்து வழி விட்டார்கள்.

"மேடம்? பேர் என்ன மேடம்?"

"யாரும் இல்ல சார். நான் மட்டுந்தான். தனியா வர்றேன்."

"சரிங்க மேடம். வாழ்த்துகள்."

அந்த வாழ்த்து ஸ்பீக்கரில் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. படித்ததற்காகச் செங்கேணிக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த முதல் வாழ்த்து. நூற்றைம்பது நாற்காலியிலும் ஜனம் இருந்தது, ஒரு கைகூடத் தட்டவில்லை.

தெருமுனையில் சின்னப்பையனின் பைக் கிளம்பிற்று. வீட்டுப் பக்கம் திரும்பும் என்று செங்கேணி மேடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஊரைவிட்டு வாலாஜாபாத் ரோட்டில் ஏறிப் போய்விட்டது.